திட்டுக் கழியில் எடுத்த படங்கள்

வள்ளத்தில் போனவர்கள்: வள்ளத்துக்குச் சொந்தக்காரர், வயது அறுபதுக்கு மேல். அவருடைய மச்சினன், இன்ஜின் பிடிக்கிறவர். என் தம்பியோடு கடலில் கவிழ்ந்து, மறுநாள் காலையில் வேறு வள்ளத்துக்காரர்கள் தூக்கி வந்த ஆள். நான்.

கரையில் நின்றது தம்பி மனைவி. இடுப்பில் கைப்பிள்ளை.

நாங்கள் தேடிப் போனது என் தம்பியை.

நான் கொத்தனார். ஊர் அரிமளத்துக்குப் பக்கம். ஆறாவதோடு படிப்பு நின்றது. எழுதிப் பழக்கமில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

தம்பி முன்பு என்னோடுதான் வேலை பார்த்தான். ஒரு மாடி வேலையில் சாரத்திலிருந்து விழுந்து கால் முறிந்தது. கட்டுப் போட்டுச் சரியாகிவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு உயரம் ஏறினால் கால் நடுங்கும். கொஞ்ச நாள் கீழேயே நின்று கலவை போட்டான். கூட வேலை பார்த்த பொம்பளைகள் கேலி பண்ணினார்கள். அது அவனுக்கு ஒத்துவரவில்லை. அவன் மனைவியின் உறவுக்காரர் ஒருவர் கடற்கரையில் ஐஸ் கம்பெனியில் இருந்தார். அவர் சொல்லி வள்ளத்துக்குப் போனான்.

"கடல்ல விழுந்தா எலும்பு ஒடையாதுண்ணே" என்றான்.

கடற்கரையிலேயே ஒரு அறை வாடகைக்குப் பிடித்து மனைவியோடு இருந்தான். அங்கே பிள்ளை பிறந்தது. அங்குள்ளவர்கள் அவனைக் கம்மாக்காரன் என்று கூப்பிட்டார்கள். கண்மாய்த் தண்ணீரைப் பார்த்து வளர்ந்தவன் கடலுக்கு வந்துவிட்டான் என்று கேலி. அவனும் சேர்ந்து சிரிப்பான். நான் ஒருமுறை போயிருந்தபோது அவனே என்னிடம் இதைச் சொல்லிச் சிரித்தான்.

சித்திரை மாதம். பெரிய போட்டுகளுக்குத் தடைக்காலம். எல்லாம் கரையில் கட்டிக் கிடந்தன. கடலில் சின்ன வள்ளங்கள் மட்டும்தான். தம்பியும் இன்னொரு ஆளும் சாயங்காலம் நண்டு வலை விடப் போனார்கள். இருட்டுவதற்குள் மேற்கே மின்னியது. காற்று வந்தது. கோடை மழைக்கு முன்னால் வருகிற காற்று. எங்கள் ஊரில் வாழை சாய்ந்தது. அங்கே வள்ளம் கவிழ்ந்தது.

கூட இருந்த ஆள் ஐஸ் பெட்டியின் மூடியைப் பிடித்துக்கொண்டார். தம்பி காலி டீசல் கேனைப் பிடித்துக்கொண்டான். கொஞ்ச நேரம் ஒருவரை ஒருவர் கூப்பிட்டிருக்கிறார்கள்.

"'மாப்ள, என்னைய கெழக்க இழுக்குதுடா'ன்னான்" என்றார் அந்த ஆள். "அதுக்கப்பறம் நான் கத்துனேன். சத்தமே இல்ல."

இதை அவர் எல்லோரிடமும் சொன்னார். கேட்காதவர்களிடமும் சொன்னார்.

எனக்குச் செய்தி வந்ததும் கையில் இருந்த கரண்டியைக் கழுவாமல் போட்டுவிட்டு பஸ் ஏறினேன். அன்று முழுவதும் வள்ளங்கள் வெளிக்கடலில் தேடின. போலீஸ் போட்டும் சுற்றியது. வலை கிடைத்தது. வள்ளம் கவிழ்ந்தபடியே கிடைத்தது. அவன் கிடைக்கவில்லை.

சாயங்காலம் வள்ளத்துச் சொந்தக்காரர் என்னிடம் வந்து உட்கார்ந்தார்.

"மேஸ்திரி, நாளைக்குத் திட்டுல பாத்துருவோம்" என்றார்.

திட்டு என்பது கடல் நடுவே கிடக்கிற மணல் மேடு. சின்னத் தீவு. போய்ச் சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். யாரும் குடியில்லை. நல்ல தண்ணீர் இல்லை. ஓரத்தில் கொஞ்சம் அலையாத்திச் செடி உண்டு, அதுவும் இடுப்பு உயரம்தான். அதன் நடுவே கழி. கடல் தண்ணீர் ஒரு வாய் வழியாக உள்ளே வந்து குளம் மாதிரி தேங்கி நிற்கிற இடம். தண்ணீர் ஏறும்போது மட்டும்தான் அந்த வாய் வழியாக வள்ளம் போகும். வற்றிவிட்டால் வாய் மூடிக்கொள்ளும். போலீஸ் போட் உள்ளே போகாது, அடி தட்டும்.

"கடல்ல தொலைஞ்சது பூராம் அங்கிட்டுத்தான் போய் ஒதுங்கும்" என்றார். "உள்ள போனது வெளிய வராது."

நானும் வருகிறேன் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். விடிந்ததும் வரச் சொன்னார்.

காலையில் புறப்படும்போது தம்பி மனைவி வந்து வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா, என்னைய ஏத்த மாட்டேங்குறாக. எது கெடந்தாலும் போட்டோ எடுத்துட்டு வாங்க. சட்டை, செருப்பு, கேனு, எதுனாலும் எடுங்க. அவுக பொருளு எனக்குத்தான் தெரியும். நீங்களாப் பாத்து இல்லன்னு முடிவு பண்ணிராதீங்க."

"சரித்தா" என்றேன்.

என் போன் நல்ல போன். வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு இங்கே வீடு கட்டிக் கொடுக்கிறேன். சுவர் எவ்வளவு எழும்பியது, ஜன்னல் எங்கே விட்டோம் என்று தினமும் படம் அனுப்ப வேண்டும். அதற்காக வாங்கினேன். அதனால் படம் எடுப்பது எனக்குத் தெரியும்.

கடலில் போய்ப் பழக்கமில்லை. கரை மறைந்ததும் வாந்தி எடுத்தேன். விளிம்பில் தலையை வைத்துக்கொண்டு எடுத்துக்கொண்டே இருந்தேன்.

இன்ஜின் பிடித்தவர் பார்த்துவிட்டு, "அத்தான், மேஸ்திரி கடல்ல கலவை கொட்டுறாரு. கட்டடம் எழும்பிரும் போல" என்றார்.

"ஒழுங்கா இன்ஜினப் புடிடா" என்றார் சொந்தக்காரர். ஆனால் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிழைத்து வந்த ஆளும் சிரித்தார். சிரித்த உடனே வாயைத் துண்டால் மூடிக்கொண்டார்.

போகிற வழியில் சொந்தக்காரர் ஒன்று சொன்னார்.

"மேஸ்திரி, அங்க எது கெடந்தாலும் வள்ளத்துல ஏத்தக்கூடாது. ஒன் தம்பி சட்டையே கெடந்தாலும் தொட்டுப் பாத்துட்டு அங்கயே போட்டுறணும்."

"ஏன்யா?"

"ஆளத் தேடிப் போற வள்ளத்துல மொதல்ல ஆளத்தான் ஏத்தணும். பொருள ஏத்துனா, வாங்கிக்கிட்டுப் போயிட்டாங்கன்னு கடல் நெனச்சுக்கும். ஆளத் தராது."

நான் சரி என்றேன். அவர்கள் கடல், அவர்கள் வழக்கம். எனக்கு அன்று யார் என்ன சொன்னாலும் சரிதான். தலைகீழாக நில் என்றாலும் நின்றிருப்பேன்.

தண்ணீர் ஏறுகிற நேரத்துக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தோம். வாய் வழியாக உள்ளே நுழைந்ததும் அலை நின்றது. இன்ஜினை அணைத்தார்கள். கம்பை ஊன்றித் தள்ளினார்கள். தண்ணீர் தெளிவாக இருந்தது. அடியில் மணல் வரி தெரிந்தது. கையை விட்டுப் பார்த்தேன், தண்ணீர் சுட்டது.

முதலில் கூப்பிட்டோம். அவன் பெயரைச் சொல்லி நாலு பேரும் நாலு பக்கம் திரும்பி நின்று கூப்பிட்டோம். மேல்காற்று, மேற்கிலிருந்து கிழக்கே அடித்துக்கொண்டிருந்தது. பதில் இல்லை.

பிறகு இறங்கி நடந்தோம். திட்டு ஒரு பெரிய கண்மாய்க் கரை அளவுதான் இருக்கும். நடந்து முடித்துவிடலாம். கழியைச் சுற்றி, கடல் ஒதுக்கியது எல்லாம் கிடந்தது. மிதவை. கிழிந்த வலை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, மூன்று காலோடு. தலைக்கவசம். தெர்மாகோல். மருந்துப் பாட்டில். ஒரு பொம்மை. கறுப்பு ரப்பர் செருப்பு. வேட்டித் துணி. சிங்கள எழுத்து உள்ள சாக்கு. பாட்டில்கள், பார்க்கிற இடமெல்லாம் தண்ணீர்ப் பாட்டில்கள்.

ஒவ்வொன்றாகக் குனிந்து படம் எடுத்தேன். பக்கத்தில் என் கையை வைத்து எடுத்தேன். அளவு தெரியட்டும் என்று. செருப்பின் அடியையும் திருப்பி எடுத்தேன். சட்டைத் துணி கிடைத்தால் பொத்தானைத் தனியாக எடுத்தேன். எதுவுமே அவனுடையது மாதிரி இல்லை. நீங்களாக முடிவு பண்ணாதீர்கள் என்று அவள் சொன்னது காதில் இருந்தது. எல்லாவற்றையும் எடுத்தேன்.

வெயில் ஏறியது. மணலில் நிற்க முடியவில்லை. கொண்டு போன தண்ணீரைக் குடித்தோம். குடிக்கும்போது யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

கிழக்குப் பக்கம் போய் நின்றபோது அந்தப் பறவைகளைப் பார்த்தேன். திட்டுக்கு வெளியே, கடலில், தூரத்தில் வரிசையாக நின்றன. நீளமான கால், வெள்ளையில் ரோஸ் நிறம் கலந்தது. நூற்றுக்கணக்கில் நின்றன. கடல் நடுவே பறவை நிற்கும் என்று எனக்குத் தெரியாது. போனை நீட்டி ஒரு படம் எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று தெரியவில்லை.

"மேஸ்திரி டூருக்கு வந்துருக்காருய்யா" என்றார் இன்ஜின் பிடித்தவர், எனக்குப் பின்னால்.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. நான் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

"தண்ணி எறங்குது. கெளம்புவோம்" என்றார் சொந்தக்காரர்.

"இன்னொரு சுத்து பாப்போம்யா."

"வாய் அடைச்சுக்கிட்டா நாளைக்குத்தான் போக முடியும். ஒரு கேன் தண்ணிதான் இருக்கு."

கிளம்பினோம். பிழைத்த ஆள் வள்ளத்தின் பின்பக்கம் உட்கார்ந்து திட்டு மறையும் வரை பார்த்துக்கொண்டே வந்தார். எனக்கு வாந்தி வரவில்லை. வர ஒன்றும் இல்லை.

பாதித் தூரம் வந்ததும் போன் அதிர்ந்தது. சிக்னல் வந்துவிட்டது. அவளிடமிருந்து நிறைய அழைப்பு வந்திருந்தது. படங்களை அனுப்பினேன். ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்ந்தன. அவளுக்கு டைப் பண்ண வராது. பேசித்தான் அனுப்புவாள். ஒன்று போக, ஒன்று வந்தது. எல்லோருக்கும் கேட்கட்டும் என்று சத்தமாக வைத்தேன். இன்ஜின் சத்தத்துக்கு மேல் அவள் குரல்.

"இது இல்ல மாமா."

"செருப்பு இல்ல. அவுகது நீல வாரு."

"இல்ல."

"இந்தத் துணி அவுகது இல்ல மாமா, அவுக இதெல்லாம் கட்ட மாட்டாக."

"இல்ல."

பிள்ளை அழுகிற சத்தமும் கூடவே வந்தது. இல்லை என்று ஒவ்வொரு முறை கேட்டதும் சொந்தக்காரர் தலையை ஆட்டினார். அது நல்லதா கெட்டதா என்று எனக்கு விளங்கவில்லை. அவன் பொருள் இல்லை என்றால் அவன் அங்கே வரவில்லை. அங்கே வரவில்லை என்றால் எங்கே போனான்.

எல்லாப் படமும் போய்ச் சேர்ந்தது. பார்த்துவிட்டாள் என்று போனில் தெரிந்தது. பிறகு வந்தது.

"மாமா, அந்த மூணுகால் நாக்காலி போட்டோவப் பெருசாக்கிப் பாருங்க. நாக்காலிய வுடுங்க. அதுக்குப் பின்னாடி பாருங்க. பாட்டிலு நிக்குது. வரிசையா நிக்குது. மூடியத் தனியா ஒரு எடத்துல குமிச்சு வச்சுருக்கு. மாமா, வீட்டுல கொழாத்தண்ணி வர்ற அன்னைக்கு அவுகதான் அப்புடி வப்பாக. பாட்டில வரிசையா நிறுத்தி, மூடியத் தனியாக் குமிப்பாக. நான் எத்தன தடவ வஞ்சுருக்கேன், மூடி காணாமப் போகுதுன்னு. மாமா அவுக அங்க இருந்துருக்காக."

இன்ஜினை நிறுத்தச் சொன்னேன். படத்தைப் பெரிதாக்கினேன். நாற்காலிக்குப் பின்னால், செடி ஓரத்தில், பாட்டில்கள் நின்றன. மற்ற இடத்தில் எல்லாம் படுத்துக் கிடந்தன. இங்கே நின்றன. வாய் திறந்து நின்றன. பக்கத்தில் மூடிகள் ஒரு கைப்பிடி அளவு குவிந்திருந்தன.

ஒதுங்கிய பாட்டில்களைப் பொறுக்கி, அடியில் இருந்த சொட்டுத் தண்ணீரைக் குடித்திருக்கிறான். மழை வந்தால் பிடிக்கலாம் என்று நிறுத்தி வைத்திருக்கிறான்.

காலையில் அந்த இடத்தில்தான் நான் குனிந்து நின்று நாற்காலியைப் படம் எடுத்தேன்.

"திருப்புங்க" என்றேன்.

"மேஸ்திரி, வாய் அடைச்சிருக்கும்" என்றார் இன்ஜின் பிடித்தவர். "டீசலும் பத்தாது. போய்ட்டுத் திரும்பி வரணும்ல."

"என்னைய மட்டும் எறக்கி விட்டுட்டு வாங்க. நான் இருந்துக்கிறேன்."

"ஒன்னத் தேட நாளைக்கு இன்னொரு வள்ளம் வரணுமா?"

பிழைத்த ஆள் எழுந்து நின்றார். வள்ளம் ஆடியது. "நான் அவன விட்டுட்டு வந்துட்டேன், மாமா. திரும்பயும் விட்டுட்டு வரச் சொல்றியளா?" என்றார் சொந்தக்காரரிடம்.

சொந்தக்காரர் கடலைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். பிறகு மச்சினனிடம், "திருப்புடா" என்றார். "டீசல் தீந்தா பாய் கட்டிக்கிருவோம். உள்ள போக வேணாம். வெளியில நிறுத்திட்டு நடப்போம்."

திரும்பிப் போக ஒரு மணி நேரம் ஆனது. அவளுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. சிக்னல் போய்விட்டது.

வாய் மூடியிருந்தது. வெளியே வள்ளத்தை நிறுத்திவிட்டு மணலில் ஓடினோம். பாட்டில்கள் அப்படியே நின்றன. பக்கத்தில் செடிக்கு அடியில் ஆள் படுத்த தடம் இருந்தது. சுருண்டு படுத்த தடம். அங்கிருந்து கால் தடம் கிழக்கே போனது. காலையில் நாங்கள் நடந்த தடங்கள் அதன் மேல் விழுந்திருந்தன. செருப்பில்லாத தடம். எங்கள் நாலு பேர் காலிலும் செருப்பு இருந்தது. காலையில் யாரும் இதைப் பார்க்கவில்லை.

தடம் தண்ணீருக்குள் போனது.

"குளிக்க எறங்கிருப்பானோ" என்றார் பிழைத்த ஆள்.

"எறங்கித் திரும்பலயே. திரும்புன தடம் இல்ல" என்றார் சொந்தக்காரர். "திட்டுல ஏறுனவன் ஏன் எறங்குறான்? எங்காளு எவனும் எறங்க மாட்டான். செத்தாலும் திட்டுலயே கெடப்பான். வள்ளம் வரும்னு தெரியும்ல."

எனக்குத் தெரிந்தது. சொன்னேன்.

எங்கள் பக்கம் கோடையில் கண்மாய் வற்றும்போது, எங்கே பள்ளம் எங்கே மேடு என்று கண்ணுக்குத் தெரியாது. சேறும் தண்ணீரும் ஒரே மாதிரி கிடக்கும். நாரை நிற்கிற இடமாகப் பார்த்துக் கால் வைத்துப் போவோம். நாரை நின்றால் தண்ணீர் முழங்காலுக்குக் கீழே. நானும் அவனும் அப்படித்தான் அக்கரைக்குப் போய் விறகு பொறுக்கி வருவோம்.

போனை எடுத்துப் பறவைப் படத்தைக் காட்டினேன். பறவைகள் திட்டிலிருந்து கிழக்கே நீளமாக ஒரு கோடு மாதிரி நின்றன.

"இதப் பாத்துத்தான் போயிருக்கான்" என்றேன்.

சொந்தக்காரர் படத்தையும் கடலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அட கம்மாக்காரா" என்றார். என்னைச் சொன்னாரா அவனைச் சொன்னாரா தெரியாது. "அந்த மேடு கொஞ்ச தூரந்தான்டா போகும். அதுக்கப்பறம் ஆழமான ஓடை. ஓடைக்கு அங்கிட்டுப் பூராச் சேறு. முன்னாடி வல கட்ட ஊனுன கம்பு நிக்கும். கம்பப் பாத்து ஆளு இருக்குன்னு நெனச்சு ஓடைய நீந்திட்டானோ."

வள்ளத்தில் ஏறி, திட்டைச் சுற்றிக் கிழக்கே போனோம். எங்கள் சத்தத்துக்குப் பறவைகள் எழும்பின. எல்லாம் ஒரே நேரத்தில் எழும்பின. வானம் ரோஸ் நிறமாகப் போனது. ஓடை வந்தது. அங்கே தண்ணீர் கறுப்பாக இருந்தது. கடந்தோம். அதற்கு அப்பால் தண்ணீர் மறுபடி வெளுத்தது. கம்புகள் தெரிந்தன. நிறையக் கம்புகள். சாய்ந்தும் நேராகவும் நின்றன.

ஒன்றில் அவன் இருந்தான்.

கட்டியிருந்த கைலியை அவிழ்த்து, கம்போடு சேர்த்து இடுப்பில் கட்டிக்கொண்டிருந்தான். தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. உதடு வெடித்து வெள்ளையாக இருந்தது. கண் பாதி திறந்திருந்தது. பிழைத்த ஆள் பெயரைச் சொல்லிக்கொண்டே குதித்தார். நானும் குதித்தேன். சேறு பிடித்து இழுத்தது. அவன் கால் இரண்டும் சேற்றில் முழங்கால் வரை புதைந்திருந்தது. முகத்தில் கை வைத்தேன். சூடாக இருந்தது. வெயில் சூடு.

"மூச்சு இருக்கா மேஸ்திரி?" என்றார் சொந்தக்காரர் மேலிருந்து.

நெஞ்சில் காதை வைத்தேன். நெடுநேரம் வைத்திருந்தேன். என் நெஞ்சு அடிக்கிற சத்தம்தான் கேட்டது.

"இல்ல" என்றேன்.

கைலி முடிச்சை அவிழ்த்தேன். இறுகிக் கிடந்தது, பல்லால் கடித்து அவிழ்த்தேன். தூக்கும்போது அவன் கையை மடக்கினேன். மடங்கியது. விறைக்கவில்லை. அதன் அர்த்தம் என்ன என்று எனக்குத் தெரியும். சொந்தக்காரருக்கும் தெரியும். அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

இன்ஜின் பிடித்தவர்தான் சொன்னார். சின்னக் குரலில், யாரிடமும் இல்லாமல் சொன்னார்.

"காலையில மேக்காத்து. நம்ம கூப்புட்டது இங்க கேட்டுருக்கும். அவன் கத்தியிருந்தா நமக்கு வந்துருக்காது."

"வாய மூடுடா" என்றார் சொந்தக்காரர்.

அவனை வள்ளத்தில் ஏற்றினோம். நான் தண்ணீரிலேயே நின்றேன். அவன் நின்ற கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இடுப்பில் டேப் இருந்தது. சேற்றுக்குள் அவன் கால் நின்ற அடி வரை அளந்தேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சுவர் என்றால் அளப்போம், பள்ளம் என்றால் அளப்போம். பிறகு போனை எடுத்து அந்த இடத்தை ஒரு படம் எடுத்தேன். போனில் சார்ஜ் முடிந்தது.

திரும்பும்போது சொந்தக்காரர், "ஆள ஏத்தியாச்சு மேஸ்திரி. இனிப் பொருள எடுத்துக்கலாம். அந்தப் பாட்டிலு கீட்டிலு எதுவும் வேணுமா, அந்தப் புள்ளைக்கு?" என்று கேட்டார்.

வேண்டாம் என்றேன்.

டீசல் கரைக்குக் கொஞ்சம் முன்னால் தீர்ந்தது. பாய் கட்டி வந்தோம். கரையில் கூட்டம் நின்றது. கூட்டத்துக்கு முன்னால் அவள் நின்றாள். வள்ளத்தில் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தூரத்திலேயே எண்ணியிருப்பாள். பிள்ளையைப் பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்துவிட்டுத் தண்ணீரில் இறங்கி நடந்து வந்தாள். யாரும் தடுக்கவில்லை.

மறுநாள் பெரிய ஆஸ்பத்திரியில் அறுத்துப் பார்த்துக் கொடுத்தார்கள். டாக்டர் சின்ன வயதுக்காரர். என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார். நெஞ்சுக்குள் தண்ணீர் போகவில்லை, மூழ்கி இறக்கவில்லை, வெயிலும் தாகமும்தான் என்றார். இதை வீட்டில் எப்படிச் சொல்வது என்று கேட்டேன். அவர் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார், வீட்டில் நான் இதைச் சொல்லவில்லை.

எங்கள் ஊருக்குக் கொண்டு வந்து காரியம் முடித்தோம். அவளும் பிள்ளையும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறார்கள். கடல் பக்கம் திரும்பிப் போகவில்லை. பிள்ளை இப்போது நடக்கிறான்.

காரியம் முடிந்து சில வாரம் கழித்து ஒரு மத்தியானம். நான் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தேன். அவள் என் போனைக் கேட்டாள். கொடுத்தேன். படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். நாற்காலிப் படத்தில் நின்றாள். பாட்டில்களைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பறவைப் படத்தையும் பெரிதாக்கினாள். பறவைகளுக்குப் பின்னால் கோடு கோடாக ஏதோ தெரிகிறது. நானும் பலமுறை பெரிதாக்கிப் பார்த்திருக்கிறேன். ஒரு அளவுக்கு மேல் புள்ளி புள்ளியாக உடைந்துவிடும். கம்பு எது, மற்றது எது என்று சொல்ல முடியாது.

கடைசிப் படத்துக்கு வந்தாள். அதில் தண்ணீர் மட்டும்தான். ஓரத்தில் கம்பு ஒன்று.

"இதுதானா மாமா?"

"ம்."

"ரொம்ப ஆழமோ?"

நான் துண்டை எடுத்துக் கையைத் துடைத்தேன்.

"எல்லாரும் ஆழத்துல போயிட்டாருன்னு சொல்றாக. நீச்ச தெரிஞ்சும் கடல் ஆழத்துல ஒன்னும் செய்ய முடியாதுன்னு எங்கம்மா சொல்லுச்சு. நான் அப்புடித்தான் நெனச்சுக்கிட்டு இருக்கேன். இதுல அடி மண்ணு தெரியிற மாதிரி இருக்கே மாமா. நீங்க எறங்குனீகள்ல. எம்புட்டு ஆழம்?"

போனை என் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"பொய் சொல்லாதீங்க மாமா. நீங்க அளந்துருப்பீங்க."

சொன்னேன்.

மூன்றேகால் அடி.